தனிச்சுற்றுக்கு மட்டும்: அரூர்ப் பக்கம் வராத ஒரு பத்திரிகை

எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஊருக்குத் தபால் ஆபீஸ். அப்பா இ.டி. போஸ்ட் மாஸ்டர். 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்' என்பதன் சுருக்கம் அது. இப்போது அதே வேலைக்கு 'கிராமின் டாக் சேவக்' என்று பெயர். அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற பக்கம் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. பத்து, பத்தரைக்கு ரன்னர் சைக்கிளில் பையைக் கொண்டு வருவார். அதற்குள் திண்ணையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடியிருப்பார்கள். அப்பா பையை அவிழ்த்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி முத்திரை குத்தி, பெயரைச் சத்தமாகப் படிப்பார். பெங்களூர் போன மகன், பட்டாளத்தில் இருக்கும் மாப்பிள்ளை, கூட்டுறவு சங்க நோட்டீஸ்... யாருக்கு எங்கிருந்து என்ன வந்தது என்று அஞ்சு நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

இந்தத் திண்ணை இந்தக் கட்டுரையில் திரும்ப வரும். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ஒரு பள்ளித் தோழி உண்டு. பள்ளியில் படிக்கும்போது அவள் பையன். என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்னால், 1998 சித்திரையில் வீட்டை விட்டுப் போனவள். பல வருஷம் கழித்துத்தான் மறுபடி பேச்சுவார்த்தை வந்தது. முதல் தடவை போனில் பேசும்போது 'வாங்க, போங்க' என்று நான் தடுமாறினேன். "பழைய மாதிரியே பேசுடா. நான் 'டா' போடறேன், நீ 'டீ' போடு, முடிஞ்சுது" என்றாள். அப்படித்தான் இன்றுவரை.

நான் ராத்திரி நேரங்களில் பழைய இதழ்களின் ஸ்கேன்களைத் தேடிப் படிக்கிற ஆள். வேலை மென்பொருள், பொழுதுபோக்கு காகிதம். அப்படி ஒரு நாள் அமெரிக்காவில் 1960களில் வந்த 'டிரான்ஸ்வெஸ்டியா' என்ற பத்திரிகையைப் பார்த்தேன். பெண் உடை அணிய விரும்பும் ஆண்கள் தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொண்ட பத்திரிகை. அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அறுபதுலயே அவங்களுக்குப் பத்திரிகை இருந்துச்சா? நமக்கு ஏன்டா இல்ல?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் குறிப்புகள்.

இருபத்தைந்து பேர், நூறு டாலர்

நம் சிற்றிதழ் வாசகர்களுக்கு 1959 என்றால் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' ஞாபகம் வரும். அதற்கு அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டிரான்ஸ்வெஸ்டியா' தொடங்கியது. நடத்தியவர் விர்ஜீனியா பிரின்ஸ். 1912இல் பிறந்தவர், மருந்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1952லேயே இதே பெயரில் ஒரு முயற்சி நடந்து உடனே நின்றுபோயிருந்தது. இந்தத் தடவை தெரிந்தவர்கள் இருபத்தைந்து பேரைப் பட்டியல் போட்டு, ஆளுக்கு நாலு டாலர் வாங்கி, அந்த நூறு டாலரில் முதல் இதழைக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெளிவந்தது. பிரின்ஸ் நூறு இதழ் வரை ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பிறகும் 1980களில் சில வருஷம் ஓடியது.

உள்ளே என்ன இருந்தது? வாழ்க்கைக் கதைகள், சிறுகதைகள், ஒப்பனைக் குறிப்புகள், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்ற விவாதங்கள், வாசகர் படங்கள், நிறையக் கடிதங்கள். எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது அதன் இயங்குமுறை. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெண் பெயர், கூடவே ஒரு குறியீட்டு எண். நட்பு தேடி விளம்பரம் கொடுத்தால் அந்த எண்தான் அச்சாகும். பதில் எழுதுகிறவர் பத்திரிகைக்கு எழுத வேண்டும். பத்திரிகை உரியவருக்கு அனுப்பிவைக்கும். இரண்டு பக்கமும் முகவரி தெரியாமலே பேச்சு ஆரம்பிக்கலாம். நம்பிக்கை வந்த பிறகு முகவரி கொடுப்பது அவரவர் இஷ்டம். என் தொழிலில் இதை 'ரிலே சர்வர்' என்போம். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு கணினிகள் எப்படிக் கண்டுகொள்வது என்பது எங்கள் துறையில் பழைய சிக்கல். அதைக் கம்ப்யூட்டர் இல்லாமல், கவரும் ஸ்டாம்பும் வைத்துத் தீர்த்திருக்கிறார்கள்.

1961இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி வாசகர்கள் சிலரை பிரின்ஸ் நேரில் கூட்டினார். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். யார் போலீஸ், யார் காட்டிக்கொடுப்பவர் என்ற பயம் எல்லாருக்கும். அதனால் ஒரு ஏற்பாடு. வரும்போது ஒவ்வொருவரும் ஒரு ஜோடி பெண்கள் காலுறையும் குதிகால் செருப்பும் பையில் மறைத்துக் கொண்டுவர வேண்டும். சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் யாரும் யாரையும் தனியாக மாட்டிவிட முடியாது. அந்தக் குழுவுக்கே 'ஹோஸ் அண்ட் ஹீல்ஸ் கிளப்' என்று பெயர் வந்தது. படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், படித்து வேலைபார்க்கும் குடும்பஸ்தர்கள் ஒரு ஜோடி செருப்பைப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போகும்போது எவ்வளவு பயந்திருப்பார்கள் என்பது தெரிகிறது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1873ஆம் வருஷத்து காம்ஸ்டாக் சட்டப்படி ஆபாசமானது என்று கருதப்படும் எதையும் தபாலில் அனுப்புவது குற்றம். பிரின்ஸ் மேலேயே, தனிப்பட்ட ஒரு கடிதத் தொடர்பில் எழுதியதற்காக வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். நம் ஊரிலும் 1898ஆம் வருஷத்துத் தபால் நிலையச் சட்டத்தில் 20ஆவது பிரிவு இதே மாதிரிதான்; 2023ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் அமலுக்கு வரும்வரை அது இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரின்ஸ் தன் அமைப்புக்கு ஒரு வாசல்காவல் வைத்திருந்தார். பெண்களை விரும்பும், பெரும்பாலும் கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே இடம். ஆண்களை விரும்புகிறவர்களுக்கும், அறுவைசிகிச்சை செய்துகொண்டு பெண்ணாகவே வாழ விரும்புகிறவர்களுக்கும் இடமில்லை. 'நாங்கள் கௌரவமானவர்கள்' என்று காட்டிக்கொள்ள, தங்களைவிட அதிகம் ஒதுக்கப்பட்டவர்களை வெளியே நிறுத்தினார்கள். என் தோழி இருபது வயதில் அங்கே பிறந்திருந்தால் அவளுக்கும் சந்தா கிடைத்திருக்காது.

அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களும் பிறகு தங்கள் தாள்களைத் தாங்களே அச்சடித்தார்கள். பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு ஆணாக வாழ்ந்தவர்களுக்கு, நாம் திருநம்பிகள் என்கிறோமே அவர்களுக்கு, லூ சல்லிவன். 1980இல் ஒரு கையேடு எழுதினார். 1986இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சந்திப்புக் குழு ஆரம்பித்து, 1987 முதல் 'எஃப்.டி.எம்.' என்ற செய்திமடலை நடத்தினார். ஊர் ஊராகத் தனியாகக் கிடந்தவர்கள் எழுதிய கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் எழுதினார். 1991இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் முப்பத்தொன்பது வயதில் இறந்துபோனார். மடல் அவருக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது.

நம் பக்கம்

இந்தியாவுக்கு வருவோம். இங்கே இந்த மாதிரித் தாள்கள் முப்பது வருஷம் தாமதமாக வந்தன. வந்தவையும் திருநர்களுக்கென்றே தனியாக நடத்தப்பட்டவை அல்ல.

1986இல் கலிபோர்னியாவில் இருந்த தெற்காசியர்கள் 'டிரைகோன்' என்ற மடலைத் தொடங்கினார்கள். 1990இல் பத்திரிகையாளர் அசோக் ராவ் கவி மும்பையில் 'பாம்பே தோஸ்த்' கொண்டுவந்தார். ஆண்களை விரும்பும் ஆண்களுக்கான பத்திரிகையாக, முறையாகப் பதிவு பெற்று இந்தியாவில் வந்த முதல் இதழ் அது. 2002இல் நின்று, 2009இல் மறுபடி வந்தது. கல்கத்தாவில் 'பிரவர்த்தக்' வந்தது. அதைச் சுற்றி 1993இல் 'கவுன்சல் கிளப்' உருவானது. இவர்களில் ஒருவரான பவன் தால் அந்த 90களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், 2020இல். கிழக்கு இந்தியாவின் சின்ன ஊர்களிலிருந்து தபால் பெட்டி எண்ணுக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அவரால் அதை எழுத முடிந்தது. கடிதங்களின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: என்னைப்போல வேறு யாராவது இருக்கிறார்களா?

'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று நம் சிற்றிதழ்களின் பின்னட்டையில் ஒரு வரி போடுவார்கள். பதிவு பெறாமல், நண்பர்களுக்குள் அனுப்பிக்கொள்வது என்று அர்த்தம். இலக்கியப் பத்திரிகைகளுக்கு அது பதிவு செய்யும் சிரமத்தைத் தவிர்க்கும் வழி. இந்த மடல்களுக்கோ அது நிஜமாகவே தனிச்சுற்றுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலம் இருந்தது, ஹிந்தி இருந்தது, வங்காளம் இருந்தது. தமிழ்நாட்டில் சிற்றிதழுக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று கிடைத்தால் ஆளுக்கு ஒரு பத்திரிகை தொடங்கிய ஊர். அப்படியிருந்தும் இந்த விஷயத்தில் தமிழில் ஏன் இவ்வளவு தாமதம்?

கூவாகம் என்ற பத்திரிகை

இதற்கு முதல் பதில், இங்கே வேறொரு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது என்பதுதான்.

சித்திரை மாதம் பௌர்ணமியை ஒட்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் திருவிழா. கதை எல்லாருக்கும் தெரியும். பாரதப் போருக்கு முன்னால் களப்பலிக்கு ஒப்புக்கொண்ட அரவான், சாவதற்குள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். கிருஷ்ணனே மோகினியாகி அவனுக்கு மனைவியாகிறான். அந்த மோகினியாகத் தங்களை நினைத்துத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து ஒப்பாரி வைத்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். எங்கள் தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் களப்பலிக் கூத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை புதிதில்லை. சின்ன வயதில் நாங்கள் இருவரும் சாக்கு விரித்து உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறோம். நான் பாதியில் தூங்கிவிடுவேன். அவள் விடியும்வரை பார்ப்பாள்.

பத்திரிகை செய்கிற வேலை என்ன? ஒருவரையொருவர் தெரியாதவர்களை ஒரு இடத்தில் சேர்ப்பது, செய்தி சொல்வது, புதிதாக வருபவருக்கு வழி காட்டுவது. கூவாகம் இதையெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை செய்தது. சந்தா வேண்டாம், முகவரி வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். எந்த நாள், எந்த ஊர் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. மிச்ச நாட்களுக்கு ஜமாத் இருந்தது. மூத்தவர் இளையவரை மகளாகத் தத்து எடுத்துக்கொள்வது, அம்மா, பாட்டி, அக்கா, தங்கை என்று ஒரு முழு உறவுமுறை, பம்பாய் வரைக்கும் தொடர்பு. செய்தி வாய் வழியாகவே போகும். இவ்வளவு உறுதியான வலை இருக்கும்போது செய்திமடல் யாருக்குத் தேவைப்படும்?

"திருவண்ணாமலை வழியா விழுப்புரம் போனேன். கூட்டத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அரை மணி நேரத்துல எனக்கு ஒரு அம்மா கிடைச்சாங்க" என்று தோழி சொல்வாள். "சாப்டியான்னுதான் முதல்ல கேட்டாங்க."

அரை மணி நேரம்! டிரான்ஸ்வெஸ்டியாவில் ஒரு கடிதம் போய்ப் பதில் வரவே வாரக்கணக்கில் ஆகியிருக்கும். இந்த இடத்தில் நம் ஊர் ஏற்பாடு எவ்வளவோ மேல் என்றுதான் நான் அவளிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அம்மா கிடைச்சாங்க, சரி. திரும்பி வர பஸ் இருந்துச்சா?"

அந்த வருஷம் அவள் பிளஸ் டூவில் ஆயிரம் மார்க்குக்கு மேலே. ரிசல்ட் வந்த அன்று நான்தான் போய் போர்டில் அவள் நம்பரைப் பார்த்தேன். அவள் அப்போது மும்பையில் இருந்தாள். கடைகேட்பதும், அதற்கு மேலேயும் அவள் வாழ்க்கையில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளே என்றைக்காவது எழுதட்டும். அவள் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும், அவள் அனுமதியோடு எழுதுகிறேன்.

"உன் வெள்ளைக்காரன் பத்திரிகை மாதிரி ஒன்னே ஒன்னு தமிழ்ல என் கைக்கு வந்திருந்தா, நான் போயிருக்க மாட்டேன்னு சொல்லலை. போயிருப்பேன். ஆனா மூணு வருஷம் கழிச்சுப் போயிருப்பேன். காலேஜ் முடிச்சிட்டு. என்னை மாதிரி இன்னும் ஆளு இருக்குன்னு தெரிஞ்சுட்டா பொறுமையா இருந்திருக்கலாம்ல? எனக்கு அதைத் தெரிஞ்சுக்கவே வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்துச்சு."

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த மடல்களின் உண்மையான உபயோகம் புரிந்தது. ஆளைக் கண்டுபிடிப்பதற்கு நம்மிடமும் வழி இருந்தது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே கண்டுபிடிப்பதற்கு வழி இல்லை. திருவிழாவுக்கு உடம்போடு போக வேண்டும். ஜமாத்துக்கு மொத்த வாழ்க்கையோடும் போக வேண்டும். நாலு பக்கத் தாளாக இருந்தால், படித்துவிட்டு மெத்தைக்கடியில் வைத்துவிட்டு மறுநாள் ஸ்கூலுக்குப் போகலாம்.

போகாதவர்கள்

அவளாவது போனாள். போகவே முடியாதவர்கள் இருந்தார்கள்.

திருநம்பிகளுக்குக் கூவாகம் கிடையாது, ஜமாத் கிடையாது. பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவரைச் சித்திரைத் திருவிழாவுக்குத் தனியாக யார் அனுப்புவார்கள்? பஸ் ஏறும் முன்னாலேயே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். லூ சல்லிவன் மாதிரி ஒருவர் பதில் கடிதம் எழுதியிருந்தால் அது யாருக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்துகொண்டு, எப்போதாவது ஒரு தடவை புடவை கட்டிப்பார்க்கத் தோன்றுகிற ஆண்கள். டிரான்ஸ்வெஸ்டியா யாருக்காக நடத்தப்பட்டதோ அதே ஆட்கள். இவர்களுக்கென்று தமிழில் ஒரு சொல்கூட மரியாதையாகக் கிடையாது. கிண்டல் சொற்கள் நிறைய உண்டு. ஒரே ஒரு இடம் இருந்தது: மேடை. கூத்தில் பெண் வேடம் கட்டலாம், ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்த்ரீபார்ட் ஆடலாம். ஊர் அதைக் கொண்டாடவும் செய்தது. டி.கே. சண்முகத்துக்கு ஔவையார் வேடத்தால் 'அவ்வை' என்பது பெயரோடு சேர்ந்தே ஒட்டிக்கொண்டது. ஆனால் விடிந்ததும் அரிதாரம் கலைத்தாக வேண்டும். பெண் வேடம் கட்டிய எல்லாருக்கும் இந்த ஆசை இருந்தது என்று சொல்லவில்லை. அது அவர்களின் தொழில், கலை. ஆசை இருந்தவருக்கு அது ஒன்றுதான் கிடைத்தது என்கிறேன்.

பத்திரிகை இல்லாமல்போனதற்கு இரண்டாவது பதிலும் இங்கே வருகிறது. அது எங்கள் திண்ணை.

ஒரு பேச்சுக்கு, 1990களில் சென்னையில் யாரோ தமிழில் அப்படி ஒரு மடல் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கள் ஊருக்கு எப்படி அனுப்புவது? தபால் பெட்டி எண் வாங்கலாம் என்பீர்கள். அதற்கு அரூர் மாதிரி ஊரில் இருக்கும் பெரிய ஆபீஸில், பெயர், முகவரி எழுதிக் கொடுத்து வாடகை கட்ட வேண்டும். கூலிக்காரர், கடைப்பையன் எதற்குத் தபால் பெட்டி வாங்குகிறார் என்ற கேள்வி வரும். நேராக வீட்டுக்கு அனுப்பினால், பெயரைச் சத்தமாகப் படிக்கும் திண்ணை இருக்கிறது. "என்னப்பா மெட்ராஸ்லேருந்து கவர்? பிரிச்சுப் படி, எங்களுக்கும் கேட்கட்டும்." அமெரிக்கப் புறநகரில் அவரவர் வீட்டுத் தபால் பெட்டியில் கடிதம் விழும், யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டியை நம்பிக் கட்டிய ஏற்பாடு, எங்கள் ஊர்த் திண்ணையில் ஓடாது.

தமிழில் எழுத்து வந்தது

அச்சில் இவர்கள் நீண்ட காலம் மற்றவர்கள் எழுதிய கதையாகத்தான் வந்தார்கள். அதில் மரியாதையான முயற்சி, 1990களில் சு. சமுத்திரம் எழுதிய 'வாடாமல்லி' நாவல். 2000களில்தான் அவர்களே எழுத ஆரம்பித்தார்கள். நாமக்கல் பக்கத்திலிருந்து போன ரேவதி 'உணர்வும் உருவமும்' என்று தன் மக்களின் வாழ்க்கைகளைத் தொகுத்தார். 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' வந்தது. பிரியா பாபுவின் 'நான் சரவணன் அல்ல' வந்தது.

பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி சுப்ரமணியம் பட்டமேற்படிப்புக் காலத்தில் திருநங்கைகளுக்கென்றே தமிழில் ஒரு இதழைத் தொடங்கினார். பெயர் 'சகோதரி'. பிறகு அதே பெயரில் ஒரு அமைப்பும் உருவானது. தோழி கேட்ட 'நமக்கு ஏன் இல்ல' என்ற கேள்விக்கு, 'இருந்தது, கொஞ்சம் தாமதமாக வந்தது' என்று சொல்ல முடிந்தது இந்த ஒரு பெயரால்தான்.

அதே காலத்தில் வெளியேயும் மாறிக்கொண்டிருந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு நாட்டிலேயே முதலாக அரவாணிகள் நல வாரியம் அமைத்தது. அப்போது அரவாணி என்றுதான் சொன்னோம். 'திருநங்கை' என்ற சொல் பரவி நிலைத்தது அதை ஒட்டிய காலத்தில்தான். அதே வருஷம் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சி வந்தது. 2014இல், மறுபடி ஒரு ஏப்ரல் 15 அன்று, தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. திண்ணையைத் தாண்டாமல் செய்தி நேராகச் சட்டைப்பைக்கு வர ஆரம்பித்தது. காகிதம் செய்ய வேண்டிய வேலையைக் காகிதம் செய்வதற்கு முன்னாலேயே போன் செய்துவிட்டது.

பழுப்புக் கவர்

கட்டுரையை இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சும்மா ஒரு வார்த்தை கேட்போம் என்று அப்பாவிடம் கேட்டேன். இப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிறது. "அப்பா, இந்த மாதிரி ஏதாவது பத்திரிகை நம்ம பையில வந்திருக்கா?" விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

அவர் முதலில் இல்லை என்றார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தருக்கு வரும். பழுப்புக் கவர். பம்பாய் முத்திரை. மூணு மாசத்துக்கு ஒன்னு, நாலு மாசத்துக்கு ஒன்னு. அனுப்புறவங்க பேரு இருக்காது. முதல் தடவை திண்ணையில பேரைப் படிச்சேன். அந்த ஆளு வாங்கும்போது கை நடுங்குச்சு. அடுத்த தடவையிலேருந்து நான் படிக்கிறதில்ல. தனியா எடுத்து வச்சு, சாயங்காலம் அவர் பக்கமா போறப்ப கையில கொடுத்துடுவேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒட்டுன கவர்டா. அதுக்குள்ள என்னன்னு போஸ்ட் மாஸ்டர் கேக்கக் கூடாது."

"யாருக்குப்பா?"

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

அது பாம்பே தோஸ்த்தாகவும் இருந்திருக்கலாம், ஆயுர்வேத லேகிய விளம்பரமாகவும் இருந்திருக்கலாம். இதை ஆதாரமாக வைத்து நான் எதையும் நிறுவப்போவதில்லை. ஆனால் திண்ணையில் ஓடாது என்று மேலே உறுதியாக எழுதியிருக்கிறேனே, அந்த வரியை இனி முழுசாக நம்ப முடியவில்லை. ஏற்பாடு ஓடாத இடத்தில் ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு நடந்துபோய்க் கொடுத்திருக்கிறார்.

தோழியிடம் சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள். "உங்கப்பா என் பேரையும் அப்படிச் சத்தம்போடாம எடுத்து வச்சிருப்பாரு, வந்திருந்தா" என்றாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிரான்ஸ்வெஸ்டியாவில் பத்தி எழுதிய சுசானா வலென்டி, நியூயார்க்கின் மலைப்பகுதியில் வாசகர்கள் வார இறுதிகளில் வந்து தங்க ஒரு வீடு வைத்திருந்தார். அங்கே எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் பல வருஷம் கழித்துப் பழைய பொருள் சந்தை ஒன்றில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டன. 2005இல் அவை புத்தகமாக வந்தன. கண்ணில் படாமல்போயிருந்தால் அந்த வீடே இருந்ததாக இன்றைக்குப் பலருக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரில் பழைய பொருள் சந்தை என்றால் எடைக்கடைதான். அங்கே போனது திரும்பாது. யாராவது இறந்துபோனால் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒட்டிய கவர்களோ, அட்டை போட்ட மெல்லிய இதழ்களோ, 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்ட தாள்களோ கிடைத்தால், புரியவில்லை என்பதற்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள். யாருடையது என்று கேட்க மாட்டேன். அப்பாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.